பத்துக்குப் பத்து அறையில் சிம் ரேஸிங் ரிக்: அளவெடுப்பது முதல் மடித்து வைப்பது வரை

சிம் ரேஸிங் என்பது நிஜக் காரைப்போலவே ஸ்டீயரிங்கும் பெடலும் வைத்து ஓட்டும் கார் பந்தய விளையாட்டு. வீல், பெடல், இருக்கை சேர்ந்த அமைப்புதான் ரிக். ஸ்டீயரிங் வீல் வீட்டுக்கு வந்த அன்றே பெரும்பாலானவர்கள் செய்வது இதுதான்: படிப்பு மேசையில் மாட்டி, ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து, பிரேக்கை ஓங்கி மிதிப்பார்கள். நாற்காலி அரை அடி பின்னால் ஓடும். பெடல் டைல்ஸில் வழுக்கி முன்னால் போகும். அடுத்த வளைவில் கால் பிரேக்கைத் தேடும். இரண்டு வாரத்தில் வீல் அட்டைப் பெட்டிக்குள் போய்விடும், "நம்ம வீட்டில் இதற்கெல்லாம் இடம் போதாது" என்ற முடிவோடு.

குறை இடத்தில் இல்லை. இருக்கையும் பெடலும் ஒன்றோடொன்று கட்டப்படவில்லை, அவ்வளவுதான். பெடலை எவ்வளவு பலத்தோடு மிதிக்கிறோமோ அதே பலம் முதுகு வழியாக நாற்காலியைப் பின்னால் தள்ளும். இரண்டையும் பிணைத்துவிட்டால் எதுவும் நகராது. அதை எப்படிச் செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி.

இங்கே எடுத்துக்கொள்ளும் அமைப்பு: கட்டிலும் பீரோவும் ஏற்கெனவே இருக்கும் 10×10 அடி அறை, டைல்ஸ் தரை, கணினி, 27 அங்குல மானிட்டர், லாஜிடெக் ஜி29 வீல், மடக்கு ஸ்டாண்ட். ஓட்டி முடித்ததும் மூன்று நிமிடத்தில் மடித்து, பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் நேரம் பிடித்தால் நாளடைவில் விரிக்கவே தோன்றாது.

படி 1: தரையில் கோடு போடுங்கள்

எதையும் வாங்கும் முன் சாக்பீஸும் டேப்பும் எடுங்கள். உட்காரப்போகும் நாற்காலியைச் சுவரைப் பார்த்துப் போட்டு, அடிமுதுகு சாய்மானத்தில் படும்படி உட்காருங்கள். காலை நீட்டி, பிரேக்கை முழுதாக மிதிப்பதுபோல் பாவனை செய்யுங்கள். அந்த நிலையிலும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். கால் நேராக நீண்டுவிட்டால் பலமும் வராது, அரை மணியில் வலியும் வரும்.

குதிகால் விழும் இடத்தில் ஒரு கோடு, சாய்மானத்துக்கு நேர் கீழே ஒரு கோடு. ஐந்தரை அடி உயரத்தவருக்கு இரண்டுக்கும் இடையே 85 முதல் 95 செ.மீ. இருக்கும். சாய்மானத்துக்குப் பின்னால் 15 செ.மீ., பெடலின் உடம்புக்காக முன்னால் சுமார் 30 செ.மீ. சேர்த்தால் மொத்த நீளம் 140 செ.மீ. அகலம் 65 செ.மீ. போதும். மானிட்டர் பெடலுக்கு மேலே வருவதால் அதற்குத் தனி இடம் வேண்டாம்.

பீரோக் கதவு திறக்கும் பாதை, கட்டில் விளிம்பில் முழங்கை இடிக்குமா, பிளக் பாயின்ட் எவ்வளவு தூரம் என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் வேண்டாம். பகலில் திரையில் வெளிச்சம்தான் தெரியும்.

படி 2: எந்த வீல்?

ஜி29 பிளேஸ்டேஷனுக்கும் கணினிக்கும். ஜி920 எக்ஸ்பாக்ஸுக்கும் கணினிக்கும். மாற்றி வாங்கிவிட்டால் கன்சோலில் வேலை செய்யாது. இவை பல்சக்கரத்தால் இயங்குபவை. சாலையின் இழுப்பைக் கைக்கு உணர்த்த வீல் தரும் விசை ஏறக்குறைய 2 நியூட்டன் மீட்டர் (முறுக்கு விசையின் அலகு). கடகட சத்தம் உண்டு. ஆனால் வீல் 2.25 கிலோ, பெடல் 3.1 கிலோதான். தினமும் எடுத்து வைப்பவருக்கு இந்த எடை பெரிய உதவி.

டைரக்ட் டிரைவ் வகையில் மோட்டார் தண்டிலேயே வீல் நேரடியாக மாட்டப்படும். மோசா ஆர்5 தருவது 5.5 நியூட்டன் மீட்டர். ஃபனாடெக் சிஎஸ்எல் டிடி தருவது 5 நியூட்டன் மீட்டர், கூடுதல் திறன் அடாப்டரோடு 8. மடக்கு ஸ்டாண்டில் 5 வரை சமாளிக்கலாம். 8-க்குப் போனால் கைக்கு வரவேண்டிய விசையின் ஒரு பகுதி ஸ்டாண்டை முறுக்குவதிலேயே போய்விடும். தினமும் மடிக்கத்தான் வேண்டும் என்றால் பெரிய மோட்டாருக்குக் காசு போடாதீர்கள்.

படி 3: மேசையா, ஸ்டாண்டா?

18 மி.மீ. பிளைவுட் அல்லது கட்டை மேசை என்றால் தாராளமாக மாட்டலாம். பார்ட்டிகிள் போர்டு மேசையில் கிளாம்ப் பள்ளம் போட்டுவிடும். இடையில் 6 மி.மீ. பிளைவுட் துண்டு வையுங்கள். கண்ணாடி மேசையில் மாட்டவே கூடாது.

ஸ்டாண்ட் வாங்கினால் நடுக்கம்பம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஒற்றைக் கம்பம் பல மாடல்களில் இரண்டு கால்களுக்கு நடுவே வரும். இடது காலால் பிரேக் பிடிக்கும் பழக்கம் வந்ததும் அது தடையாகிவிடும். இருபக்கமும் கம்பம் உள்ளது நல்லது. ஜி29-இன் அடியில் எம்6 (6 மி.மீ. விட்டம்) போல்ட்டுக்கான மரை இருக்கிறது. ஸ்டாண்டில் கிளாம்பை விட்டுவிட்டு போல்ட் போட்டே இறுக்குங்கள். கிளாம்ப் மட்டும் என்றால் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை தளரும்.

உயரம்: முதுகு சாய்மானத்தில் இருக்க, கையை நீட்டினால் மணிக்கட்டு வீலின் மேல்விளிம்பில் படியவேண்டும். பிடித்து ஓட்டும்போது முழங்கை நன்றாக மடங்கும்.

படி 4: பெடல் பலகை

அரை நாள் வேலை. அவசரப்படாமல் செய்யுங்கள்.

ஹார்டுவேர் கடையில் வாங்க வேண்டியவை: 18 மி.மீ. பிளைவுட், 60×40 செ.மீ. (கடையிலேயே அறுத்துத் தருவார்கள்). 2 அங்குல ரீப்பர் (மரச்சட்டம்), 60 செ.மீ. நீளம், எம்6 போல்ட்டும் அகல வாஷரும், வளையம் வைத்த போல்ட் இரண்டு, பக்கிளோடு 25 மி.மீ. அகல நைலான் பட்டை, 2 மீட்டரில் இரண்டு; பலகை அளவுக்கு ரப்பர் மேட்.

பெடலைக் கவிழ்த்து, அடியில் ஒரு தாளை விரித்துப் பென்சிலால் தேய்த்தால் போல்ட் துளைகள் தாளில் அப்படியே பதியும். இந்தத் தாளைப் பலகையின் அடிப்பக்கத்தில்தான் ஒட்ட வேண்டும். மேல்பக்கம் ஒட்டித் துளையிட்டால் இடம் வலமாக மாறி, ஒரு துளையும் பொருந்தாது. பலகை வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

துளை 7 மி.மீ. அடிப்பக்கத்தில் போல்ட் தலையும் வாஷரும் அமுங்கும்படி 6 மி.மீ. ஆழத்துக்கு அகலப்படுத்துங்கள். இல்லையென்றால் டைல்ஸ் கீறும். போல்ட்டின் நீளத்தைக் குத்துமதிப்பாக வாங்காதீர்கள். பெடலின் மரைக்குள் பல்குச்சியை விட்டு ஆழத்தைக் குறியுங்கள். பலகையில் மீதமிருக்கும் 12 மி.மீ.யோடு அந்த ஆழத்தைக் கூட்டி 2 மி.மீ. கழியுங்கள். ஆழம் 10 மி.மீ. என்றால் 20 மி.மீ. போல்ட். நீளமான போல்ட்டைத் திருகினால் உள்ளே பிளாஸ்டிக் உடையும்.

ரீப்பரைச் சுவர்ப்பக்க விளிம்பின் அடியில் திருகாணியால் பிடியுங்கள். பலகை ஏறக்குறைய 7 டிகிரி சாயும். பாதம் இயல்பாகப் படியும். ரீப்பரின் அடியிலும் பின்விளிம்பிலும் ரப்பரை ஒட்டுங்கள். உங்கள் பக்க விளிம்பின் இரண்டு மூலைகளிலும் வளைய போல்ட் மாட்டினால் பலகை தயார்.

படி 5: நாற்காலியைப் பிணைப்பது

இரண்டு வளையங்களிலிருந்தும் பட்டையை நாற்காலிக்குக் கொண்டுபோங்கள். நான்கு கால் நாற்காலி என்றால் முன்கால்கள் இரண்டிலும், தரையிலிருந்து 10 செ.மீ. உயரத்துக்குள் கட்டுங்கள். உயரத்தில் கட்டினால் பட்டை உங்கள் காலில் இடறும். பக்கிளை இழுத்து, குதிகால் சாக்பீஸ் கோட்டில் விழும் நீளத்தில் நிறுத்துங்கள்.

பெடலைச் சுவரோடு முட்டுக்கொடுத்தால் போதாதா என்று தோன்றும். போதாது. பெடல் நிற்கும், நாற்காலி பின்னால் போவது நிற்காது.

சக்கர நாற்காலிதான் இருக்கிறது என்றால் பட்டையை நடுத்தண்டில், முடிந்த அளவு கீழே கட்டுங்கள். சக்கரங்களைக் கழற்றிவிடுவது இன்னும் நல்லது. பெரும்பாலானவற்றில் அவை 11 மி.மீ. குச்சியில் செருகப்பட்டவை, கவிழ்த்துப் பிடித்து இழுத்தால் வந்துவிடும். இருக்கையும் கொஞ்சம் தாழும். ரேஸிங்குக்கு அதுவே நல்லது. கழற்றியபின் நடுத்தண்டின் முனை தரையில் இடிக்கிறதா என்று பாருங்கள். இடித்தால் சக்கரத்துக்குப் பதில் ரப்பர் புஷ் செருகுங்கள். சாய்மான லாக் போட மறக்காதீர்கள். இருக்கை சுழல்வதைப் பட்டை தடுக்காது. அதனால் என் வோட்டு சாதாரண நான்கு கால் நாற்காலிக்கே.

லோட் செல் பிரேக் என்பது பெடல் எவ்வளவு தூரம் போனது என்பதை விட்டுவிட்டு, எவ்வளவு பலத்தோடு மிதித்தீர்கள் என்பதை அளக்கும். பின்னாளில் அதற்கு மாறினால் லேசான நாற்காலியின் முன்கால்கள் தூக்கும். அப்போது நாற்காலியையும் ஒரே பலகையில் ஏற்ற வேண்டியிருக்கும்.

படி 6: திரை

சின்ன அறை இங்கே நமக்குச் சாதகம். திரை எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. 27 அங்குல மானிட்டரின் அகலம் சுமார் 60 செ.மீ. கண்ணிலிருந்து 60 செ.மீ. தூரத்தில் வைத்தால் அது 53 டிகிரி பார்வையை நிரப்பும். 43 அங்குல டிவியை 120 செ.மீ. தள்ளி வைத்தால் கிடைப்பது 43 டிகிரிதான். பெரிய டிவிக்கு ஆசைப்படும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

கணக்கு எளிது: திரை அகலத்தில் பாதியைக் கண்ணின் தூரத்தால் வகுத்து, அதற்கு டேன் இன்வர்ஸ் எடுத்து, இரண்டால் பெருக்குங்கள். இந்தக் கோணத்தை விளையாட்டின் அமைப்பிலும் கொடுக்க வேண்டும். அசெட்டோ கோர்சா என்ற கார் பந்தய விளையாட்டு கேட்பது செங்குத்துக் கோணம். அதற்கு அகலத்துக்குப் பதில் உயரத்தைப் போட வேண்டும். மேலே சொன்ன மானிட்டருக்கு 31 டிகிரி வரும். முதலில் குழாய் வழியாகப் பார்ப்பதுபோல இருக்கும். பத்து லேப் பொறுங்கள். வளைவு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கண் சரியாகச் சொல்லத் தொடங்கும். பிரேக் பிடிக்கும் இடமும் நிலைப்படும்.

மானிட்டரின் பின்னால் 75×75 அல்லது 100×100 மி.மீ. துளைகள் இருந்தால் சுவரில் நீட்டி மடக்கும் கை ஒன்றைப் பொருத்துங்கள். திரையின் நடு கண்மட்டத்தில் வரட்டும்.

படி 7: கரண்டும் கேபிளும்

மூன்று பின் பிளக்கில் எர்த் உண்மையாகவே வேலை செய்கிறதா என்று சோதியுங்கள். எர்த் இல்லாத இணைப்பில் கணினியின் உலோகப் பெட்டியில் ஏறக்குறைய 115 வோல்ட், மிகக் குறைந்த மின்னோட்டத்தோடு நிற்கும். யுஎஸ்பி கேபிளின் உறை வழியாக அது இரும்பு ஸ்டாண்டுக்கும் வரலாம். வெறுங்காலோடு ஓட்டும்போது 'சுர்'ரென்று தெரிந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மேட் போட்டு மறைக்காதீர்கள்.

வீலின் யுஎஸ்பியை நேராகக் கணினியின் பின்பக்கத்தில் செருகுங்கள். மலிவான ஹப்பில் செருகினால் ஓட்டத்தின் நடுவே வீல் துண்டிக்கப்படும். அப்படியும் துண்டித்தால் விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் என்ற மின்சேமிப்பு வசதியை அணையுங்கள்.

படி 8: மென்பொருள்

ஜி29-இன் மேலுள்ள சுவிட்சை, கணினியில் ஓட்டும்போது பிஎஸ்3 (பிளேஸ்டேஷன் 3) பக்கம் வையுங்கள். லாஜிடெக்கின் ஜி ஹப் மென்பொருளை நிறுவி, சுழற்சியை 900 டிகிரி என்று வைத்து, வீலை எப்போதும் நடுவுக்கு இழுக்கும் சென்டரிங் ஸ்பிரிங்கை அணையுங்கள். கரண்ட் கொடுத்ததும் வீல் தானாக இருபுறமும் சுற்றி நடுப்புள்ளியைத் தேடும். அப்போது கை வைக்கக்கூடாது. வைத்தால் நேர் சாலையிலும் வண்டி ஒருபக்கம் இழுக்கும். விளையாட்டைத் திறப்பதற்கு முன்பே வீல் செருகியிருக்க வேண்டும்.

அசெட்டோ கோர்சாவில் பெடல்ஸ் என்ற சிறு சாளரம் உண்டு. அதில் சாம்பல் நிறப் பட்டை விசையைக் காட்டும். எல்லை தாண்டினால் சிவப்பாகும். சிவப்பு என்றால் வீல் அதற்குமேல் விசை காட்ட முடியாமல் தட்டையாகிவிட்டது, டயர் எப்போது வழுக்குகிறது என்ற செய்தி கைக்கு வரவில்லை என்று பொருள். வேகமான வளைவில் எப்போதாவது மட்டும் சிவக்கும் அளவுக்கு கெயினை (மொத்த விசையின் அளவை) குறையுங்கள். நடுவில் வீல் தொளதொளவென்று இருந்தால் மினிமம் ஃபோர்ஸை (குறைந்தபட்ச விசையை) கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். வீல் தானாக நடுங்கினால் அதிகமாகிவிட்டது.

முதல் ஓட்டத்துக்கு அபார்த் 500 கார், இத்தாலியின் மஜியோனே சர்க்யூட். இரண்டரை கிலோமீட்டர்தான், பிரேக்கைப் பழக ஏற்றது. ஓட்டும் முன் ஒரு சோதனை: இருபது முறை பிரேக்கை முழுப்பலத்தோடு மிதித்துவிட்டு, நாற்காலிக்கால் சாக்பீஸ் கோட்டிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு விரல் நகர்ந்திருந்தாலும் பட்டையை இறுக்குங்கள்.

சில மாதம் கழித்து, மிதிக்காமலே பிரேக் துடிப்பதுபோலத் திரையில் தெரிந்தால் பெடலுக்குள் மிதிப்பை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டரில் தூசி சேர்ந்திருக்கிறது. கான்டாக்ட் கிளீனர் கொஞ்சம் அடித்து, பெடலை முப்பது நாற்பது முறை ஆட்டுங்கள்.

படி 9: மடிப்பது

மாடி வீடு என்றால் பெடல் சத்தம் கீழ்வீட்டுக்குப் போகும். இரவில் ஓட்டுபவர்கள் பலகைக்கு அடியில் 10 மி.மீ. ரப்பர் விரிப்பது நல்லது.

முடிந்ததும் முதலில் கரண்ட், பிறகு யுஎஸ்பி, பிறகு நாற்காலிப் பக்கப் பட்டை. பெடல் பலகையைச் செங்குத்தாகச் சுவரில் சாய்த்து, ஸ்டாண்டை மடித்து அதன் முன்னால் நிறுத்துங்கள். மடிப்பில் கேபிள் நசுங்காதபடி ஒரு சாண் தொய்வு விட்டுக் கட்டுங்கள். ஸ்டாண்டின் உயரம், சாய்வு, பட்டையின் நீளம் மூன்றிலும் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள், எளிதில் அழியாது. மறுநாள் புள்ளியோடு புள்ளி சேரும் இடத்தில் இறுக்கினால், நேற்று இருந்த அதே இடத்தில் பிரேக் இருக்கும்.