ப்ளஸ் ஒன் ஃபீஸ் கட்டும் முன்

பத்தாவது ரிசல்ட் வந்ததும் என் அக்கா மகளை "கம்ப்யூட்டர் குரூப்" என்று சொல்லிச் சேர்த்தார்கள். பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் அவள் கனவு. முதல் வாரப் புத்தகக் கட்டைப் பிரித்தால் வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல், கணினிப் பயன்பாடுகள்! இயற்பியலும் இல்லை, கணிதமும் இல்லை. நல்லவேளை, குரூப் மாற்ற இடம் இருந்தது.

இந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

முதலில், பின்னாலிருந்து வாருங்கள். குரூப்பை விடுங்கள், பிள்ளை என்ன டிகிரி படிக்கப் போகிறது? தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் கட்ஆஃப் மதிப்பெண்ணை மொத்தம் 200-க்குக் கணக்கிடுவார்கள். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. கிண்டி இன்ஜினியரிங் காலேஜ் ஆசை இருந்தால் இந்த மூன்று பாடமும் உள்ள குரூப்பை எடுங்கள்.

அடுத்து, பள்ளி வைத்திருக்கும் குரூப் பெயரை நம்பாதீர்கள். மார்க் ஷீட்டில் அச்சாகப் போகும் பாடப் பெயர்களைக் கேளுங்கள். நம் ஊரில் சறுக்குவது பெரும்பாலும் மூன்று இடங்களில்.

"கணக்கு உண்டு" என்பார்கள். அது வணிகக் கணிதமாக இருக்கும். பி.காம். போகிறவருக்கு அருமையான பாடம், பி.இ.க்கு அது கணிதம் ஆகாது. கணினி அறிவியல் வேறு, கணினிப் பயன்பாடுகள் வேறு. "சயின்ஸ் குரூப்" என்றால் இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியலாகவும் இருக்கலாம். டாக்டர் கனவுக்கு அது போதும். நாளை மனசு மாறி இன்ஜினியரிங் என்றால் கணிதம் இருக்காது. இரண்டு கதவும் திறந்திருக்க வேண்டுமா? உயிரியலோடு கணிதமும் உள்ள குரூப்பை எடுங்கள். சுமை அதிகம்தான், பிள்ளையிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

சி.பி.எஸ்.இ. என்றால் பாடக் குறியீட்டைப் பாருங்கள். 041 கணிதம், 241 பயன்பாட்டுக் கணிதம். பள்ளிப் பேச்சில் இரண்டுமே "மேத்ஸ்"தான்! பொறியியல் எண்ணம் இருந்தால் 041.

கேம்பிரிட்ஜ், ஐ.பி. போன்ற வெளிநாட்டு வாரியம் என்றால் அது நம் ப்ளஸ் டூவுக்குச் சமம் என்று காட்டும் சமநிலைச் சான்றிதழைக் கல்லூரியில் கேட்கலாம். பாடத்தை எடுக்கும் முன்பே அந்தச் சான்றிதழுக்கான நிபந்தனையைப் படித்துவிடுங்கள்.

கலை அறிவியல் படிப்பு என்றால் சேப்பாக்கத்து சென்னைப் பல்கலைக்கழகத்தின் தகுதி விதிகளைப் படிப்பு வாரியாகப் பாருங்கள். பக்கத்து வீட்டு மாமா சொல்வது அவர் காலத்து விதி.

கடைசியாக, சேர்க்கை விண்ணப்பத்தில் "கம்ப்யூட்டர் குரூப்" என்று மட்டும் எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். நான்கு பாடங்களின் பெயரையும் எழுதச் சொல்லி, ஒரு ஜெராக்ஸ் வாங்கிக்கொண்டு, பிறகு பணத்தைக் கட்டுங்கள்.