பிள்ளை பாடத்தை கவனிக்கலையா? இதெல்லாம் பண்ணாதீங்க

நீலகிரில கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் ஜூலைல மழை பிடிச்சா விடாது, தகர ஷீட் போட்ட கிளாஸ்ல டீச்சர் கத்தினாலும் கடைசி பெஞ்சுக்கு கேக்காது, அதோட சளியும் சேந்துச்சுன்னா சில பிள்ளைங்களுக்கு காது ஜவ்வுக்குப் பின்னாடி நீர் கோத்துக்கும். பெருசா வலி இருக்காது, ஆனா ஒரு நாள் நல்லா கேக்கும், ஒரு நாள் மந்தமா இருக்கும். நாமளோ "கேக்காத மாதிரி நடிக்குது"ன்னு முதுகுல ஒண்ணு வைப்போம். காது, கண்ணு ரெண்டையும் காட்டாம திட்ட ஆரம்பிக்கிறதுதான் பெரிய தப்பு. 2013ல ஆரம்பிச்ச ஆர்பிஎஸ்கேங்கிற பிள்ளைங்க உடம்பைச் சோதிக்கிற அரசாங்கத் திட்டத்துல கவர்மென்ட் ஸ்கூலுக்கே டாக்டர் டீம் வர்றாங்க, தயவுசெஞ்சு அன்னிக்கு லீவு போட வைக்காதீங்க.

தூக்கத்தையும் பாருங்க. எஸ்டேட் லைன் வீட்டுல (தோட்டத் தொழிலாளர் குடியிருப்புல) இருந்து முதல் பஸ் பிடிக்கிற பிள்ளை இருட்டோட எந்திரிக்கணும், ராத்திரி லேட்டா வரைக்கும் கையில போன் இருந்தா எப்படி? 6லேருந்து 12 வயசு வரைக்கும் 9 மணி நேரமாவது தூங்கணும்.

அடுத்தது எனக்கு ரொம்ப கோபம் வர்ற விஷயம், ஹோம்வொர்க் முடிக்கலைன்னு பி.டி. பீரியட்ல உக்கார வைக்கிறது. துறுதுறுன்னு இருக்குற பிள்ளைக்கு அந்த ஓட்டம்தான் மருந்து, அதைப் புடுங்கிட்டு அடுத்த பீரியட்ல அமைதியா இருன்னா எப்படி இருக்கும்? நூறு தடவை இம்போசிஷனும் வேணாம், பத்து கணக்கை மூணு மூணா பிரிச்சுக் குடுங்க, நடுவுல தண்ணி குடிச்சுட்டு வரட்டும்.

அழுது கத்துற நேரத்துல அட்வைஸ் ஏறவே ஏறாது, பக்கத்துல உக்காருங்க, அடங்கின அப்புறம் பேசிக்கலாம். "பாஸ் பண்ணா சைக்கிள்"னு ஏப்ரல்ல தர்றதை ஜூன்லயே சொல்றதும் வேலைக்கு ஆகாது, இன்னிக்கு அரைப்பக்கம் எழுதினா இன்னிக்கே, "இந்த வரியை நல்லா எழுதியிருக்கடா தங்கம்"னு சொல்லுங்க. அக்காவோட மார்க்கை இழுக்கவே இழுக்காதீங்க.

வீடியோ பாத்துட்டு நாமளே ஏடிஹெச்டின்னு (கவனம் நிக்காம, துறுதுறுன்னு இருக்குற பிரச்சனை) முத்திரை குத்துறதும் தப்புதான். டாக்டருங்க குறைஞ்சது 6 மாசமா இருக்கா, வீடு ஸ்கூல் ரெண்டு இடத்துலயும் இருக்கா, 12 வயசுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுதான்னு கேப்பாங்க, அதனால டீச்சர் என்ன பாத்தாங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதி வாங்கிட்டுப் போங்க. குழப்பமா இருந்தா டெலிமனஸ்ங்கிற அரசாங்க மனநல ஹெல்ப்லைன் 14416க்கு போன் போடலாம், ஃப்ரீதான், தமிழ்லயே பேசுவாங்க.

எழுத்து மாத்தி மாத்தி எழுதுற பிள்ளைன்னா பத்தாவது வரைக்கும் தள்ளிப் போடாதீங்க. டிஸ்லெக்சியா (படிக்க, எழுத சிரமப்படுற கற்றல் குறைபாடு) சர்டிபிகேட் இருந்தா பப்ளிக் எக்ஸாம்ல கூடுதல் நேரம் கேக்கலாம், ஆனா மலையை விட்டு எறங்கி டெஸ்ட் எடுத்து பேப்பர் கைக்கு வர நாளாகும், எட்டாவதுலயே ஹெட்மாஸ்டர்கிட்ட பேசிடுங்க.