போனை எடுக்கும் முன் 20 மூச்சு
ஒகேனக்கல் போனால் இறங்கியதும் போனை எடுக்காதீர்கள். ஈரப் பாறையோ, கரையில் கவிழ்த்து வைத்த பரிசலோ, ஒன்றை மட்டும் 20 மூச்சு விடும் நேரம் பாருங்கள். பிறகு ஒரே ஒரு படம். வீட்டுக்கு வந்து நூறு படங்களை அழிக்கும் வேலை மிச்சம்.

கண் முதலில் 'அருவி' என்று பெயர் சொல்லிவிட்டுப் பார்ப்பதை நிறுத்திவிடும். பொறுத்தால்தான் நிறமும் நிழலும், பாறையில் தண்ணீர் அறுத்த கோடுகளும் தெரியும். திபெத்திய மொழியில் 'நல்ல கண்' என்று பொருள்படும் மிக்சாங் என்ற புகைப்படப் பயிற்சியும் இதைத்தான் பழக்குகிறது. ஒகேனக்கல் என்றாலே கன்னடத்தில் புகையும் கல். நின்று பார்த்தவர் வைத்த பெயராகத்தான் இருக்க வேண்டும்.

பரிசலில் போகும்போதும் பறவை பறக்கும்போதும் இது சரிப்படாது, சட்டென்று எடுத்துவிடுங்கள். வழுக்கும் பாறை விளிம்பில் நின்று செய்யவே வேண்டாம்.