இட்லி மாவுக் கடை: செலவைத் திட்டமிடவும் குறைக்கவும் தொடக்கநிலையாளருக்கு ஒரு வழிகாட்டி

இட்லி, தோசை மாவு அரைத்து விற்கும் கடையைக் குறைந்த முதலில் தொடங்கிவிடலாம் என்பதால், தமிழ்நாட்டில் பலருக்கும் அதுவே முதல் தொழிலாக அமைகிறது. நாள்தோறும் கல்லாவில் பணம் விழுவதால் லாபம் வருவதாகவே தோன்றும். வாடகை கொடுக்கும் நாளில்தான் கையில் எதுவும் நிற்கவில்லை என்பது தெரியவரும். ஒரு கிலோ மாவின் அடக்க விலையைத் தெரிந்துகொள்ளாமல் எந்தச் செலவையும் குறைக்கத் தொடங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதைத் தெரிந்துகொள்ளாதவர்கள் பெரும்பாலும் உளுந்தில்தான் கை வைக்கிறார்கள். வாங்குபவர் முதலில் கண்டுகொள்வதும் அதைத்தான். கீழே வரும் விலைகள் கணக்கு விளங்குவதற்காக எடுத்துக்கொண்டவை. அந்த இடங்களில் உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: ஒரு கிலோவின் அடக்க விலையைக் கண்டுபிடியுங்கள்

நான்கு கிலோ இட்லி அரிசிக்கு ஒரு கிலோ உளுந்து என்ற அளவில் அரைத்தால் சுமார் 12 கிலோ மாவு கிடைக்கும். அரிசி கிலோ ரூ.45 என்றால் ரூ.180, உளுந்து ரூ.130, உப்புக்கும் வெந்தயத்துக்கும் ரூ.10 என மொத்தம் ரூ.320 ஆகிறது. இதை 12ஆல் வகுத்தால் கிலோவுக்கு ஏறத்தாழ ரூ.27, கவருக்கு ரூ.2 சேர்த்தால் ரூ.29.

இந்தக் கணக்கு கையில் இருந்தால், மலிவான உளுந்து உண்மையில் மலிவுதானா என்பதையும் சோதித்துவிடலாம். கிலோ ரூ.115க்குக் கிடைக்கும் உளுந்தைப் போட்டால் மொத்தச் செலவு ரூ.305ஆகக் குறையும். ஆனால் அந்த உளுந்து சரியாகப் பொங்கி வராமல் மாவு 11 கிலோவாக நின்றுவிட்டால், கிலோவுக்கு ரூ.27.70 விழுகிறது, அதாவது ரூ.15 மிச்சம் பிடித்ததாக நினைத்த இடத்தில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு ரூபாய் கூடுதலாகச் செலவாகியிருக்கிறது. ஆகவே, மளிகைக் கடைக்காரர் புதிய ரகம் எதையாவது காட்டினால் முதலில் ஒரு கிலோ மட்டும் வாங்கி, வழக்கமான அளவில் அரைத்து, மாவை எடை போட்டுப் பார்த்துவிட்டு மூட்டைக்குச் சொல்லுங்கள். காவிரிப் படுகையில் சம்பா அறுவடைக்குப் பின் விதைக்கும் உளுந்து பங்குனி வாக்கில் சந்தைக்கு வரும். புது உளுந்தை இப்படிச் சோதித்துப் பார்க்க அது நல்ல காலம். விலை இறங்கியிருக்கிறது என்பதற்காக ஆறு மாதத்துக்கு வாங்கி அடுக்க வேண்டாம். வண்டு விழுந்தால் மிச்சம் பிடித்தது அனைத்தும் போய்விடும்.

படி 2: மாதச் செலவை எழுதி, உங்கள் சம்பளத்தையும் அதில் சேருங்கள்

வாடகை ரூ.6,000, உதவியாளர் சம்பளம் ரூ.11,000, மின்சாரமும் தண்ணீரும் ரூ.2,500, இயந்திரப் பராமரிப்புக்கு எடுத்துவைப்பது ரூ.1,500, உங்கள் சம்பளம் ரூ.15,000 என்று வைத்தால் மொத்தம் ரூ.36,000. விற்பனை விலை ரூ.60 என்றால், அடக்கம் ரூ.29ஐயும் வீணாகும் மாவுக்கென ஒரு ரூபாயையும் கழித்தபின் கிலோவுக்கு ரூ.30 மிஞ்சும். 36,000ஐ 30ஆல் வகுத்தால் மாதம் 1,200 கிலோ, நாளுக்கு 40 கிலோ. இதற்குக் கீழே விற்றால், உங்கள் உழைப்புக்குக் கூலி இல்லாமல் கடை நடக்கிறது என்று பொருள். இடத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, அந்தத் தெருவில் 40 கிலோ போகுமா என்று பாருங்கள்.

சம்பளத்தை மாதம் ஒருமுறை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் காய்கறிக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் கல்லாவிலிருந்து எடுக்கும் வழக்கம் இருக்கும்வரை எந்தக் கணக்கும் நிற்காது. தனி வங்கிக் கணக்கு ஒன்றைத் திறந்து, கடையின் க்யூஆர் அட்டையை அதனுடன் மட்டும் இணைத்துவிடுவது நல்லது.

படி 3: மிஞ்சும் மாவை நாள்தோறும் எழுதுங்கள்

நான் பார்த்தவரை, மாவுக் கடையில் பணம் அதிகம் கசிவது இங்கேதான். நாளுக்கு ஐந்து கிலோ புளித்து வீணானால் ரூ.145, மாதத்துக்கு ரூ.4,350; வாடகையில் முக்கால் பங்குக்கு இது நெருங்கிவிடுகிறது. ஒரு நோட்டில் தேதி, கிழமை, அரைத்தது, விற்றது, மிஞ்சியது என ஐந்து கட்டங்கள் போட்டு, ஒவ்வொரு நாளும் கடை அடைக்கும்போது நிரப்புங்கள். சில வாரங்களில் உங்கள் தெருவின் போக்கு தெரிந்துவிடும்: சனிக்கிழமை மாலை விற்பனை ஏறும், அமாவாசை, கிருத்திகை போன்ற விரத நாள்களில் இரவுப் பலகாரத்துக்காகக் கூடுதலாகக் கேட்பார்கள், தொடர் விடுமுறையில் ஊருக்குப் போகும் குடும்பங்கள் மிகுந்த பகுதியானால் பாதிகூடப் போகாது. அதற்கேற்ப முந்தைய நாளே ஊறவைக்கும் அளவை மாற்றுங்கள்.

கோடையில் மாவு விரைவில் புளிப்பதால், குளிர்ந்த நீர் விட்டு அரைத்து, ஒரே முறையாக அல்லாமல் காலையும் மாலையும் பிரித்து அரைப்பது கழிவைக் குறைக்கும்.

படி 4: மின்சாரம், கவர்

ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ முக்கால் யூனிட்தான் ஆகும். பகலிரவாக ஓடும் குளிர்பெட்டியைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். அதன் கதவில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தாள் எளிதாக உருவிக்கொண்டு வந்தால் கதவு ரப்பரை மாற்றும் நேரம் வந்துவிட்டது. கிரைண்டரின் பெல்ட் தளர்ந்திருந்தாலும் அரைக்கும் நேரம் நீளும். பாத்திரம் கொண்டு வருபவருக்கு ஒரு ரூபாய் குறைத்துக் கொடுத்தாலும், கவருக்கான இரண்டு ரூபாயில் ஒன்று உங்களுக்கு மிஞ்சும்.

படி 5: கடன் வாங்குவதும் கொடுப்பதும்

தண்டல் கடனில் ரூ.1,000 பிடித்தம் போக ரூ.9,000 கையில் கொடுத்து, நாளுக்கு ரூ.100 வீதம் 100 நாள் வசூலிப்பது வழக்கம். பத்து விழுக்காடுதானே என்று தோன்றும். ஆனால் அசல் நாள்தோறும் குறைந்துகொண்டே வருவதால், சராசரியாக அதில் பாதியைத்தான் நீங்கள் பயன்படுத்துகிறீர்கள். ஆண்டுக்குக் கணக்கிட்டால் வட்டி 70 விழுக்காட்டைத் தாண்டுகிறது. சிறுதொழில்களுக்காக மத்திய அரசு 2015இல் தொடங்கிய முத்ரா கடன் திட்டத்தின் சிசு பிரிவில் ரூ.50,000 வரை பிணையில்லாக் கடனுக்கு வங்கியில் விண்ணப்பிக்கலாம். அலைச்சல் இருந்தாலும் அந்த அலைச்சலுக்குப் பலன் உண்டு. குறுந்தொழிலுக்கான உத்யம் பதிவு இணையத்தில் இலவசம் என்பதால், அதற்காக யாருக்கும் கட்டணம் கொடுக்க வேண்டியதில்லை.

மெஸ்ஸுக்கும் டீக்கடைக்கும் மாவு போடும் வாய்ப்பு வந்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நாளுக்கு 10 கிலோ வீதம் மாதம் முழுவதும் கடனுக்குக் கொடுத்தால், உங்கள் முதலில் ரூ.8,700 அவர்களிடம் நின்றுவிடும். வாரம் ஒருமுறை கணக்கு முடிப்பவருக்கு விலையைச் சற்றுக் குறைத்துக் கொடுங்கள். மாதக் கணக்கு கேட்பவருக்குச் சில்லறை விலையையே சொல்லுங்கள்.