டென்னிஸ் பந்து தரையில் மோதித் திரும்பும்போது: உந்தமும் கணத்தாக்கும் அளப்பது எப்படி?

பந்து தரையில் மோதித் திரும்பும்போது அதன் உந்தம் (நிறை × திசைவேகம்) எவ்வளவு மாறுகிறதோ, அதுதான் அது பெற்ற நிகரக் கணத்தாக்கு (விசை × அது செயல்பட்ட நேரம்). இதை அளக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. டென்னிஸ் பந்து, சமையலறைத் தராசு, அளவு நாடா, கைபேசி போதும்.

இடத்தைத்தான் யோசிக்க வேண்டும். சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்தில் பந்து விளையாடத் தடைப் பலகை இருக்கலாம். வீட்டு டைல்ஸ் தரையில் செய்தால் கீழ்வீட்டார் கதவைத் தட்டுவார்கள். சிமெண்டுத் திடலே நல்லது. மழை விட்ட கையோடு போகாதீர்கள்; நனைந்த பந்து கனக்கும், சரியாக எழும்பாது.

1. பந்தை எடை போடுங்கள். தரமான பந்து 56.0 முதல் 59.4 கிராமுக்குள் இருக்கும். 58 கிராம் என்றால் 0.058 கிலோகிராம் என்று எழுதுங்கள். இதை மாற்ற மறந்தால் விடை ஆயிரம் மடங்காகிவிடும்.

2. நாடாவைச் சுவரிலோ கம்பத்திலோ செங்குத்தாக ஒட்டுங்கள். பூஜ்யம் தரையைத் தொட வேண்டும். பந்தின் அடிப்பகுதி 1.00 மீட்டரில் இருக்கப் பிடித்து, தள்ளாமல் விடுங்கள்.

3. திரும்பி எழும் உயரத்தைக் கைபேசியில் படம்பிடியுங்கள். லென்ஸ் சுமார் 55 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும், மேலிருந்து சாய்வாகப் பார்த்தால் அளவு தவறும். உச்சியிலும் பந்தின் அடிப்பகுதியையே படியுங்கள். மேல்விளிம்பைப் படித்தால் பந்தின் விட்டம், அதாவது ஆறரை செ.மீ.க்கு மேல், அப்படியே பிழையாகச் சேரும். ஐந்து முறை செய்து சராசரி எடுங்கள். கெட்டித் தரையில் 55 செ.மீ.யை ஒட்டி வரும். மிகவும் குறைந்தால் பந்து பழசு, உள்ளே காற்றழுத்தம் இறங்கியிருக்கும்.

4. வேகம் = √(2 × g × உயரம்). இதில் g என்பது புவியீர்ப்பு முடுக்கம், மீ/வி² அலகில். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் g இங்கே 9.78, பாடநூலின் 9.81 போட்டாலும் பெரிய வித்தியாசம் வராது. உயரம் 1.00 மீட்டர் என்று போட்டால் மோதும் வேகம் 4.42 மீ/வி, 0.55 மீட்டர் என்று போட்டால் திரும்பும் வேகம் 3.28 மீ/வி.

பலர் சறுக்குவது இதற்கு அடுத்த வரியில்தான். 4.42இலிருந்து 3.28ஐக் கழித்து, 0.058ஆல் பெருக்கி, 0.066 என்று முடித்துவிடுவார்கள். உந்தத்துக்குத் திசை உண்டு. மேல்நோக்கி நேர்க்குறி என்றால் மோதும்முன் திசைவேகம் −4.42, மோதியபின் +3.28. மாற்றம் 3.28 − (−4.42) = 7.70 மீ/வி. கணத்தாக்கு 0.058 × 7.70 = 0.447 நியூட்டன் வினாடி. அதே எடையுள்ள களிமண் உருண்டை விழுந்து ஒட்டிக்கொண்டால் 0.256தான். துள்ளும் பந்துக்கே தரை அதிகம் கொடுக்கிறது: முதலில் நிறுத்த வேண்டும், பிறகு மேலே அனுப்பவும் வேண்டும்.

5. விசைக்கு, கணத்தாக்கைத் தொடுநேரத்தால் வகுக்க வேண்டும். டென்னிஸ் பந்து கெட்டித் தரையைத் தொட்டிருப்பது ஏறக்குறைய 5 மில்லிவினாடி. கைபேசியின் 240 பிரேம் ஸ்லோ மோஷனிலும் ஒரு பிரேமுக்கு 4.2 மில்லிவினாடி ஆவதால், இந்த நேரத்தை அதில் அளக்க முடியாது. 5 என்றே கொள்ளுங்கள். 0.447 ÷ 0.005 = சராசரி 89 நியூட்டன், சுமார் 9 கிலோ எடைக்குச் சமம். பந்தின் சொந்த எடை 0.57 நியூட்டன்தான், அதனால் அதை இங்கே விட்டுவிடலாம். தராசின் மேலேயே பந்தைப் போட்டு இந்த விசையைப் படிக்கப் பார்க்காதீர்கள். 5 மில்லிவினாடியில் அதன் எண் நகராது, தராசு வேண்டுமானால் கெட்டுப்போகும்.

தரையில் யோகா பாய் விரித்தும் செய்து பாருங்கள். தொடுநேரம் கூடும், விசை குறையும். எழும் உயரமும் மாறும் என்பதால் பழைய 0.447ஐ அங்கே பயன்படுத்தாமல், மூன்றாம் படியிலிருந்து மறுபடி அளந்துகொள்ளுங்கள்.