நிறம் மாறினால் உடனே காலிப்ரேஷனில் கை வைக்காதீர்கள்

பிளாஸ்டிக் மூடிகள் அடர்நீலமாக வருகின்றன என்று அதிகாலை 3 மணிக்கு ஷிப்டு பொறுப்பாளர் அழைப்பார். நான் போய்ச் சேர்வதற்குள் ஆபரேட்டர் மாஸ்டர்பேட்சை, அதாவது நிறம் கொடுக்கும் குருணையை, 2 சதவீதத்திலிருந்து 1.7 ஆக்கியிருப்பார், இன்னொருவர் எடையை உணரும் லோடு செல்லைக் காலிப்ரேட் செய்துகொண்டிருப்பார், அதாவது எடைக்கல் வைத்துச் சரிபார்த்துத் திருத்திக்கொண்டிருப்பார். இரண்டுமே எனக்கு எரிச்சல். முதலில் பழைய அளவைத் திரும்பப் போடுங்கள்.

குருணைகளைத் தவணை தவணையாக எடை போட்டுக் கலக்கும் பேட்ச் பிளெண்டரில் எல்லாக் குருணையும் ஒரே தொட்டியில்தான் எடை போடப்படுகிறது. தராசு நூற்றுக்கு மூன்று குறைத்துக் காட்டினால், நிறமில்லாத குருணைக்கும் அதே மூன்று, மாஸ்டர்பேட்சுக்கும் அதே மூன்று. விகிதம் அப்படியேதான் இருக்கும். அதனால் நிறம் மட்டும் கெட்டால் நான் காலிப்ரேஷனைக் கடைசியில்தான் சந்தேகிப்பேன்.

பேனலில் கடைசி இருபது பேட்சுகளைப் பாருங்கள். எங்கள் பேட்ச் 2 கிலோ, 2 சதவீதம் என்றால் மாஸ்டர்பேட்ச் 40 கிராம். ஒரு கைப்பிடிகூட வராது. அந்த எண் 34, 47, 38 என்று குதித்தால் கோளாறு கொட்டும் இடத்தில். காற்றழுத்தமானியின் அருகில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். பக்கத்து இயந்திரம் காற்றை இழுக்கும்போது முள் சரிந்தால், குருணையைக் கொட்டும் அடைப்பான் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு வேகத்தில் திறந்து மூடும். அழுத்தம் சரியென்றால் மேலே குருணை நிரப்பும் ஹாப்பரில் அது கட்டிப்பிடித்து வளைவாக நிற்கிறதா என்று பாருங்கள். இயந்திரத்தின் அதிர்வும் எடையை ஆட்டும். இயந்திரம் நின்றிருக்கும்போது எண் அசையாமல் இருந்தால் தெரிந்துவிடும்.

எண் ஒவ்வொரு முறையும் 40 என்றே வந்து, மூடியின் நிறம் மட்டும் தவறினால்தான் உண்மையான தலைவலி.

ஒருமுறை இதில் நான் ஏமாந்தேன். மாஸ்டர்பேட்சை மட்டும் 40 கிராம் வீதம் பத்து முறை கொட்டவைத்துப் பையில் பிடித்து, தனித் தராசில் வைத்தேன். 400 கிராம், பிசகே இல்லை. தொட்டியில் 500 கிராம் எடைக்கல்லை வைத்தால் திரையில் 500. நிறத்தைக் கொடுத்தவர்மேல் பழியைப் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். பாதி வழியில்தான் உறைத்தது: எங்கள் இயந்திரத்தில் மாஸ்டர்பேட்ச் கடைசியில் விழுகிறது. அப்போது தொட்டியில் ஏற்கெனவே ஏறக்குறைய 2 கிலோ இருக்கும். நான் சோதித்ததெல்லாம் காலித் தொட்டியை.

திரும்பி வந்து இரண்டு ஒரு கிலோ கற்களைத் தொட்டியில் வைத்து, அதன் மேல் 40 கிராம் வைத்தேன். திரையில் ஏறியது 33 மட்டுமே. அதாவது திரை 40 காட்டும்வரை இயந்திரம் ஏறக்குறைய 48 கிராம் கொட்டிக்கொண்டிருந்தது. இந்தச் சோதனையை நீங்களும் செய்யுங்கள். இதற்கு மூன்று நிமிடம் போதும்.

காரணம், தொட்டிக்கும் சட்டத்துக்கும் நடுவே சிக்கியிருந்த ஒரே ஒரு குருணை. சுமை ஏறும்போது தொட்டி ஒரு மயிரிழை கீழே இறங்கும். இறங்கி அந்தக் குருணையின்மேல் உட்கார்ந்துவிட்டது. அதன் பிறகு விழுந்த எடையில் ஒரு பங்கை லோடு செல்லுக்குப் பதில் சட்டம் தாங்கியது. தொட்டியின் அடிக்கதவை இயக்கும் காற்றுக் குழாய் சட்டத்தில் உரசினாலும் இதே கதைதான். யாராவது பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிக் கட்டியிருந்தால் வெட்டிவிடுங்கள். கையை உள்ளே விடுமுன் காற்றை அடைத்து, குழாயில் மிஞ்சியதையும் வெளியேற்றிவிடுங்கள். அடைப்பானுக்கு விரல் என்றும் குருணை என்றும் வித்தியாசம் தெரியாது.

குருணையை எடுத்தேன், கற்களோடு 40 வைத்தேன், 40 காட்டியது. நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். காலை 7 மணிக்கு மறுபடி தொலைபேசி: மூடிகள் வெளிறுகின்றனவாம். அன்றும் ஆபரேட்டர் குறைத்து வைத்திருந்த அந்த 1.7-ஐ யாருமே 2-க்குத் திருப்பி மாற்றவில்லை, நான் உட்பட.