பிளஸ் ஒன் மாணவர்களுக்குக் கரண்ட் பில் படிக்கக் கற்றுத்தருவது எப்படி?

நெடுவினாவைப் பக்கம் பக்கமாக எழுதும் பிளஸ் ஒன் மாணவரிடம் ஒரு வங்கிச் சலானை நீட்டிப் பாருங்கள். பேனாவை எடுக்காமல் பக்கத்தில் நிற்பவரைப் பார்ப்பார். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையா என்ன? பாடத்தை முதல் வரியில் தொடங்கிக் கடைசி வரி வரை படித்தே பழகியவர். பில்லையும் மாத்திரை அட்டையையும் அப்படிப் படிக்க முடியாது. நமக்கு வேண்டியது எந்த மூலையில் இருக்கிறது என்று தேட வேண்டும். அந்தத் தேடலுக்குப் பழக்குவதுதான் இந்த வகுப்பு. வாரம் ஒரு பீரியட் கிடைத்தால் போதும்.

படி 1: தாள்களைச் சேருங்கள்

கரண்ட் பில், காலி மாத்திரை அட்டைகள், வங்கிச் சலான், ரயில் டிக்கெட். ஜெராக்ஸ் எடுக்கும் முன் பெயர், கணக்கு எண், மின் இணைப்பு எண், செல் நம்பர் எல்லாவற்றையும் மறைத்துவிடுங்கள். 'உங்கள் வீட்டு பில்லைக் கொண்டு வாருங்கள்' என்று மட்டும் கேட்காதீர்கள். வாடகை வீட்டுப் பிள்ளைகள் பலர் பில்லைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் சொல்வதுதான் அவர்களுக்குக் கணக்கு.

படி 2: தாளுக்கு முன் கேள்வி

மூன்று கேள்விகளைக் கரும்பலகையில் எழுதிய பிறகே தாளைக் கொடுங்கள். பணம் கட்டக் கடைசி நாள் எது? எத்தனை யூனிட்? எவ்வளவு பணம்? பதில் இருக்கும் இடத்தை வட்டமிட்டால் போதும். வாய்விட்டு வாசிக்கச் சொன்னால் மறுபடி பாடப்புத்தகமாகிவிடும்.

படி 3: கரண்ட் பில்

இதற்கு இரண்டு பீரியட் ஒதுக்குங்கள். இந்த மீட்டர் ரீடிங்கிலிருந்து போன ரீடிங்கைக் கழித்தால் யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு, முதல் 100 யூனிட் இலவசம். அப்புறம்தான் சிக்கல். மாணவர்கள் மொத்த யூனிட்டையும் ஒரே விலையால் பெருக்குவார்கள். படிப்படியாக விலை ஏறுவதைக் கரும்பலகையில் பிரித்துக் காட்டுங்கள்.

2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை வைத்து ஒரு கணக்கு: 500 யூனிட் வரை ஓடினால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6. மொத்தம் 1,725 ரூபாய். 510 யூனிட் ஓடிவிட்டால் அந்த 2.25 போய்விடும், 101 முதல் 400 வரை எல்லாமே 4.50, 500 வரை அதே 6, 500-க்கு மேல் 8 ரூபாய். மொத்தம் 2,030. பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்! வகுப்பு நிமிர்ந்து உட்காரும் இடம் இது. பிறகு இப்போதைய கட்டண அட்டவணையைக் கொடுத்து அவர்களையே போடச் சொல்லுங்கள்.

படி 4: மாத்திரை அட்டை

பெரிய எழுத்தில் இருக்கும், கம்பெனி வைத்த பெயரை விட்டுவிட்டு, உள்ளே என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று தேடச் சொல்லுங்கள். டோலோ, கால்பால் இரண்டு அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டிலும் பாரசிட்டமால் இருப்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும். சளிக்கு வாங்கும் பல மாத்திரைகளிலும் அது கலந்திருக்கும். பெயர் வேறுதானே என்று இரண்டையும் சேர்த்துப் போட்டால் அளவு மீறிவிடும், கல்லீரலுக்கு ஆபத்து. இதை நிதானமாகச் சொல்லுங்கள்.

அடுத்து காலாவதித் தேதி. மாதமும் ஆண்டும் மட்டும் இருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள் வரை என்று பொருள். கடையில் நாலு மாத்திரை வெட்டிக் கொடுக்கும்போது தேதி உள்ள பக்கம் கடையிலேயே தங்கிவிடும். வாங்கும்போதே கேட்டுப் பார்க்க வேண்டும். ஓரத்தில் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து.

படி 5: வங்கி

சலான் நிரப்புவதை ஒருமுறை செய்தால் வந்துவிடும். தொகையை எழுத்தால் எழுதி 'மட்டும்' போடுவதைப் பாருங்கள். செக்கைத் தமிழிலும் எழுதலாம். எழுதிய தேதியிலிருந்து மூன்று மாதம் செல்லும். வங்கிக் கிளையைக் காட்டும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு 11 இடம் கொண்டது, ஐந்தாவது இடத்தில் எப்போதும் பூஜ்யம். அதை ஆங்கில 'ஓ' என்று எழுதுபவர்கள் உண்டு. கையோடு இதையும் சொல்லிவிடுங்கள்: யு.பி.ஐ.யில் பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை. கேட்டால் மோசடி.

படி 6: சோதனை

நடத்தாத தாள் ஒன்றைக் கொடுங்கள். நான் ரயில் இ-டிக்கெட்டைச் சொல்வேன். ஒருவருக்கு ஆர்.ஏ.சி., இன்னொருவருக்கு வெயிட்டிங் லிஸ்ட் என்று இரண்டு தாள். சார்ட் (பயணிகளின் கடைசிப் பட்டியல்) போட்ட பிறகும் இதே நிலைதான் என்றால் யார் ரயில் ஏறலாம்? ஆர்.ஏ.சி. ஏறலாம், உட்கார இடம் உண்டு. வெயிட்டிங் லிஸ்டிலேயே நின்ற இ-டிக்கெட் தானாக ரத்தாகிவிடும். பதிலுக்குப் பாதி மதிப்பெண், தாளில் எந்த இடத்தைப் பார்த்துச் சொன்னார் என்று காட்டினால் மீதி.